மின்சாரக் கார்களின் விரைவு மின்னேற்றம்

விரைவு மின்னேற்றம் என்பது மின்சாரக் காரின் மின்கலத்துக்கு உயர்திறன் கொண்ட நேர்திசை மின்னோட்டத்தை நேரடியாகச் செலுத்தும் முறையாகும். வீட்டு இணைப்பில் வருவது மாறுதிசை மின்னோட்டம். காருக்குள் உள்ள மாற்றி அதை நேர்திசையாக்குகிறது; அதன் திறன் பெரும்பாலும் 7 முதல் 11 கிலோவாட் வரையே. விரைவு மின்னேற்றத்தில் இம்மாற்றம் நிலையத்திலேயே நடப்பதால் 50 முதல் 350 கிலோவாட் வரை செலுத்த முடிகிறது.

வேகத்தைத் தீர்மானிப்பவை

நிலையத்தில் 350 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும் எல்லாக் கார்களுக்கும் அது கிடைக்காது. நிலையம், கார் ஆகிய இரண்டில் எதன் வரம்பு குறைவோ அதுவே உச்ச வேகம். 50 கிலோவாட் மட்டும் ஏற்கும் கார் எங்கு நிறுத்தினாலும் அதைத் தாண்டாது.

மின்னழுத்தமும் பொருந்த வேண்டும். 800 வோல்ட் வகையைச் சேர்ந்த ஹூண்டாய் ஐயோனிக் 5, 350 கிலோவாட் நிலையத்தில் 10 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காட்டை எட்ட ஏறத்தாழ 18 நிமிடங்கள் ஆகும் என்கிறது அதன் நிறுவனம். 400 வோல்ட் கார்களுக்கென அமைந்த நிலையத்தில் அதே காருக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

மின்கலம் குளிர்ந்திருந்தாலோ நிரம்பும் நிலையில் இருந்தாலோ, லித்தியம் உலோகமாகப் படிந்து மின்கலம் கெடாதிருக்க, கார் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எனவே நெடும்பயணத்தில் 80 விழுக்காட்டோடு நிறுத்திக்கொண்டு புறப்படுவதே பெரும்பாலும் நேரத்தை மிச்சப்படுத்தும்.

இணைப்பிகளும் பொருத்தமும்

ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் கார்களுக்கு சிசிஎஸ்2 இணைப்பி பரவலாக உள்ளது. ஜப்பானில் சாடெமோ, சீனாவில் ஜிபி/டி, வட அமெரிக்காவில் சிசிஎஸ்1, என்ஏசிஎஸ் ஆகியவை பயன்படுகின்றன. டெஸ்லா தன் இணைப்பி வடிவமைப்பை என்ஏசிஎஸ் என்ற பெயரில் 2022 நவம்பரில் பிற நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது.

செருகியின் வடிவம் பொருந்தினால் மட்டும் போதாது. மின்சாரம் பாயும் முன் காரும் நிலையமும் தரவு பரிமாறிக்கொள்ள வேண்டும். சிசிஎஸ், என்ஏசிஎஸ் இரண்டிலும் இத்தொடர்பு முறை ஒன்றாக இருப்பதால் எளிய அடாப்டர் போதுமானது. சாடெமோவின் முறை வேறு. அதற்குத் தரவை மொழிமாற்றும் மின்னணுச் சுற்றுள்ள அடாப்டர் தேவை. இதனால் சாடெமோ கொண்ட பழைய நிசான் லீஃப் கார்களுக்கு, சிசிஎஸ் மட்டுமே உள்ள ஐரோப்பிய நிலையங்கள் நேரடியாகப் பயன்படுவதில்லை.

ஆகவே நெடும்பயணத்துக்கு முன்னும், பழைய மின்சாரக் காரை வாங்கும் முன்னும், இணைப்பியின் வகை, கார் ஏற்கும் உச்சத் திறன், மின்னழுத்தம் ஆகிய மூன்றையும் சரிபார்ப்பது அவசியமாகும்.