பொருளும் வடிவமும் – 7: கல்லும் சோறும்

சென்ற வாரம் பழைய வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் கூரையைப் பார்த்தோம். இந்த வாரமும் மயிலாப்பூர்தான். ஆனால் மடியில் அடங்கும் பொருள்: மிருதங்கம்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகளுக்குப் பள்ளியில் வடிவமைப்பும் ஒரு பாடம். நோட்டில் கட்டம் போட்டு மரம், உலோகம், பிளாஸ்டிக், தோல் என்று எழுதி, எதிரே 'கடினம்', 'வளையும்', 'எடை குறைவு' என்று நிரப்பியிருந்தாள். தப்பில்லை. ஆனால் எந்தப் பொருளும் இன்னொன்றோடு சேரவே இல்லை. அவளை ஒரு மிருதங்கப் பட்டறைக்குக் கூட்டிப்போனேன். மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. ஒருவர் சம்மணமிட்டால் இடம் நிறைந்துவிடும்.

உடலுக்கு வைரம் பாய்ந்த பலாக்கட்டை. வலக்கை முகமான வலந்தலையில் ஆட்டுத்தோல், அதன் விளிம்பில் வளையமாக மாட்டுத்தோல், இரண்டு முகங்களையும் இழுத்துக் கட்டும் வாருக்கு எருமைத்தோல். அட்டவணையில் மூன்றும் ஒரே கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

"எல்லாத்தையும் ஆட்டுத்தோல்லயே செய்யக் கூடாதாண்ணா?"

"செஞ்சா வாரு அறுந்துடும்மா. எருமைத்தோலை இங்க போர்த்துனா வாத்தியம் வாயே திறக்காது."

வாருக்கு எது பலமோ அதுவே முகத்துக்குக் குறை. பாடப்புத்தகம் ஒரு பக்கம் சொல்வதைப் பட்டறைக்காரர் வேலையை நிறுத்தாமல் சொல்லிவிட்டார்.

அங்கே நான் அதிக நேரம் பார்த்தது வலந்தலையின் நடுவில் உள்ள கறுப்பு வட்டத்தைத்தான். கரணை என்பார்கள், சாதம் என்றும் சொல்வார்கள். பெயர் பொருத்தம்தான்: கிட்டான் கல்லை இடித்துச் சலித்த பொடியோடு வடித்த சோற்றைப் பிசைந்த களிம்பு அது. அதில் ஒரு துளி எடுத்து அப்புகிறார், வழவழப்பான கல்லால் தேய்க்கிறார், காயவிட்டு அடுத்த பூச்சு. இடையிடையே விரலால் தட்டிக் கேட்கிறார். நடுவில் கனமாகவும் ஓரத்துக்கு வர வர மெலிந்தும் இறங்க வேண்டும். அளவுகோல் ஏதும் இல்லை, காதுதான் அளவு.

சாதாரண வட்டத் தோலைத் தட்டினால், அடிப்படை ஒலியின் 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று ஒழுங்கில்லாமல் மேலொலிகள் எழும். காதுக்கு அது சத்தம், சுருதி பிடிபடாது. கரணையின் கனம் அந்த மேலொலிகளை 2, 3, 4, 5 மடங்குகளுக்குப் பக்கத்தில் இழுத்து வந்து சேர்க்கிறது. மாநிலக் கல்லூரியில் படித்த இயற்பியலாளர் சி.வி. ராமன் 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழிலும், 1934இல் தனிக் கட்டுரையிலும் இதை விளக்கினார். அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே பட்டறையில் இது செய்து முடிக்கப்பட்ட காரியம்.

அந்தக் கைகளுக்குச் சேர வேண்டிய பேர் சேரவில்லை என்பதில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. மிருதங்கம் செய்பவர்களைப் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல் வந்தது. இவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரைத் தெரிந்த ரசிகர்களில் எத்தனை பேருக்கு அவருக்கு மிருதங்கம் செய்துகொடுத்த பர்லாந்துவைத் தெரியும்? வடிவமைப்பாளர் என்ற சொல்லை நான் முதலில் கொடுப்பது பர்லாந்துவுக்குத்தான்.

இப்போது ஃபைபர் உடல், செயற்கை முகம், வாருக்குப் பதில் போல்ட்டும் நட்டும் வைத்த மிருதங்கங்கள் வந்துவிட்டன. தோல், காற்றின் ஈரத்துக்கு ஏற்ப இறுகும், தளரும். அதனால்தான் மார்கழிக் கச்சேரியில் கல்லும் கட்டையுமாக விளிம்பைத் தட்டிச் சுருதி சேர்க்கிறார்கள். ஊர் ஊராகப் போகிறவருக்குப் புதியது வசதி. அதையும் மதிக்கிறேன்.

கிளம்பும்போது அவள் பழைய மிருதங்கம் ஒன்றின் கரணைமேல் குனிந்தாள். "முழுக்க விரிசலா இருக்கே, கெட்டுப்போச்சாண்ணா?"

"விரிசல் விடணும்மா. அப்பத்தான் தோலோட சேர்ந்து ஆடும்."

கண்ணருகே வைத்துப் பார்த்தோம். வற்றிய குளத்து வண்டல் மாதிரி மயிரிழைக் கோடுகள். ஒரே பாளமாக இறுகியிருந்தால் அது தோலை அசையவிடாது. சில்லு சில்லாகப் பிரிந்து ஒட்டிக்கொண்டிருப்பதால் கனம் ஏறுகிறது, விறைப்பு ஏறுவதில்லை.

(அடுத்த வாரம்: திருவான்மியூரில் ஒரு தறி)