ரிஷபம் எங்கே?

வெளியூர்ப் பிரயாணம் என்றால் நம்மவர்களுக்கு ஒரு பதற்றம் வந்துவிடுகிறது. இரண்டே நாளில் எல்லாவற்றையும் பார்த்துத் தீர்த்துவிட வேண்டும்! குழந்தைகளை இழுத்துக்கொண்டு ஓடுகிறோம். ஊர் திரும்பியதும், "என்னவெல்லாம் பார்த்தாய்?" என்று பாட்டி கேட்டால், குழந்தை ரயிலில் தின்ற முறுக்கைப் பற்றிச் சொல்கிறது. உபாத்தியாயனாகிய என் வீட்டிலும் பலமுறை இவ்வாறே நடந்தது.

ஆகையால், சென்ற கோடை விடுமுறையில் தஞ்சைக்குச் சென்றபோது ஒரு விரதம் பூண்டோம். பெரிய கோயிலைத் தரிசித்த பின், நாளுக்கு ஓர் இடமே பார்ப்பது. அதை நன்றாகப் பார்ப்பது.

முதல் நாள் அரண்மனைக்குள் இருக்கும் கலைக்கூடத்துக்குச் சென்றோம். 1951இல் நிறுவப்பெற்ற இக்கூடத்தில் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் பல இருக்கின்றன. "உங்களுக்குப் பிடித்த ஒன்றின் முன் நில்லுங்கள், மற்றவற்றைப் பார்க்காவிட்டாலும் குற்றமில்லை" என்று குழந்தைகளிடம் சொல்லிவிட்டேன்.

ஒன்பது வயதுப் பெண், திருவெண்காட்டிலிருந்து வந்த சிவபெருமான் திருவுருவத்தின் முன் நின்றுவிட்டாள். முதலாம் இராஜராஜன் ஆட்சியில், 1011ஆம் ஆண்டளவில் உருவானது அது. சடையையே பாம்புகளுடன் சுற்றித் தலைப்பாகைபோல் கட்டி, காலை மாற்றி வைத்து, ஒரு கையை ஊன்றிச் சாய்ந்து நிற்கிறார் பெருமான். ஆனால் அந்தக் கையின் கீழே ஒன்றுமே இல்லை!

"அப்பா, சுவாமி எதன்மேல் சாய்ந்திருக்கிறார்?"

"ரிஷபத்தின்மேல், அம்மா."

"ரிஷபம் எங்கே?"

"மறைந்து போயிற்று. ஆனால் அது அங்கே நிற்பதாகவே தோன்றுகிறது அல்லவா?"

அவள் வெகுநேரம் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயதுப் பையனுக்கோ பொறுமை இல்லை. "பழைய பொம்மைகள்தானே!" என்றான்.

மறுநாள் சுவாமிமலைக்குச் சென்றோம். தஞ்சையிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர்; கும்பகோணத்துக்கு அருகில் உள்ளது. அங்கே ஸ்தபதிகள் இன்றும் விக்கிரகங்கள் வார்க்கிறார்கள். முன்னதாக அனுமதி கேட்டு, வயது முதிர்ந்த ஒரு ஸ்தபதியின் பட்டறையில் அமர்ந்தோம்.

தென்னை ஓலையின் நறுக்கு ஒன்றை மடித்து மடித்து, முகத்துக்கு இவ்வளவு, மார்புக்கு இவ்வளவு என்று அவர் அளவு வகுத்தார். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் சேர்த்து உருக்கிய மெழுகில் உருவம் சமைத்தார். அதன்மேல் காவிரி வண்டலை மெல்லியதாகப் பூசி நிழலில் உலர்த்துவார்கள்; மேலும் மேலும் மண் பூசிக் கம்பியால் கட்டுவார்கள். பின்பு சூடேற்றினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அது விட்டுச்சென்ற இடத்திலே உருகிய உலோகத்தை வார்ப்பார்கள். பெரும்பகுதி செம்பு, பித்தளையும் ஈயமும் உண்டு, பொன்னும் வெள்ளியும் சிறிதளவு. ஆறிய பின் மண்ணை உடைத்துத்தான் விக்கிரகத்தை எடுக்க வேண்டும். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரே உருவம். அதுபோல் அச்சொட்டாக மற்றொன்று பிறப்பதில்லை.

இவற்றைக் கேட்டுக்கொண்டிருந்த பையன் திடீரென்று, "நீங்கள் படிக்கவில்லையா, தாத்தா? அதனால்தான் இந்த வேலையா?" என்றான்.

எனக்குத் தலை குனிந்தது. அந்தக் கேள்வி அவனுடையதன்று. "படிக்காவிட்டால் கூலி வேலைதான்" என்று பள்ளியிலும் வீட்டிலும் நான் சொல்லிக்கொடுத்ததையே அவன் திருப்பிச் சொன்னான்.

ஸ்தபதியார் கோபிக்கவில்லை. ஓர் உருண்டை மெழுகைக் கொடுத்து, "ஒரே ஒரு விரல் செய்து காட்டு, தம்பி" என்றார்.

அரை மணி நேரம் முயன்றான். ஒரு முறை புடலங்காய்போல் வந்தது. ஒரு முறை ஒடிந்தது. பெரியவர் அதே மெழுகை வாங்கி இரண்டு நிமிஷம் உருட்டினார். கணு, நகம், சற்றே வளைந்த நுனி எல்லாம் வந்துவிட்டன. பையன் வாய் பேசவில்லை. புறப்படும்போது, நான் சொல்லாமலே அவரை நமஸ்கரித்தான். சிறிய விளக்கு ஒன்றை, பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டோம்.

அன்னிய ஆட்சி 1947இல் நீங்கிவிட்டது. ஆயினும், எழுதும் கை உயர்ந்தது, செய்யும் கை தாழ்ந்தது என்ற எண்ணம் நம் வீடுகளை விட்டு நீங்கிவிட்டதா? கலைக்கூடத்தில் வைத்து நாம் பெருமைப்படுவது யார் கைவேலையை? அக்கைகளின் வித்தையை அறிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே, குழந்தைகளை அவர்கள் முன் உட்கார வைக்க வேண்டாமா? கண்ணாடிக்குள் இருப்பதை ஒரு நாள் காட்டுங்கள். அது பிறக்கும் பட்டறையை மறுநாள் காட்டுங்கள். இரண்டில் ஒன்று குறைந்தாலும் பாடம் பாதிதான்.

சரஸ்வதி மகால் நூல்நிலையத்தை இம்முறை பார்க்கவில்லை. ஊர் திரும்பும் நாள் காலையில் அதற்கு நேரம் இருந்தது. ஆனால், "இன்னொரு முறை கலைக்கூடத்துக்குப் போகலாம்" என்று வற்புறுத்தினான் பையன். நேரே திருவெண்காட்டுப் பெருமானிடம் சென்று, ரிஷபத்தின்மேல் இருக்கவேண்டிய அந்தக் கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"இந்த ஒரு விரலுக்கு எவ்வளவு மெழுகு ஒடிந்திருக்கும், அப்பா?" என்றான்.