சீப்போடு வந்த பயம்

"மன்னி, இதைக் கொஞ்சம் பாருங்களேன்!" என்று என் நாத்தனார் ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினாள். பிரித்துப் பார்த்தேன். உள்ளே எலுமிச்சங்காய் அளவுக்குச் சுருட்டிய தலைமயிர்! ஒரே வாரத்தில் உதிர்ந்ததாம்.

அது 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். கொரோனாவின் இரண்டாம் அலை ஓய்ந்திருந்த சமயம். மே மாதத்தில் அவளுக்கும் அந்த ஜுரம் கண்டு, தனி அறையில் நாட்களை எண்ணிக்கொண்டு கிடந்து, ஒருவழியாகப் பிழைத்து எழுந்தாள். 'கண்டம் நீங்கியது' என்று நாங்கள் நிம்மதியாக இருந்த வேளையில்தான் இந்தப் பொட்டலம். வியாதி உடம்பை விட்டுப் போகவே இல்லை, உள்ளேயிருந்து அரிக்கிறது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். யாரிடமும் சொல்லாமல் இரவெல்லாம் விழித்திருந்திருக்கிறாள், பாவம்!

என் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அசடே! குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கிறபோது தாயாருக்கு மயிர் கொட்டும் என்பார்களே, கேட்டதில்லையா? உன் பிள்ளை பிறந்து மூன்றாம் மாசம் உனக்குக் கொட்டவில்லையா? இதுவும் அப்படித்தான்."

மறுநாள் டாக்டரம்மா சொன்னதும் ஏறக்குறைய அதேதான்!

நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளர்ந்து, பிறகு இரண்டு மூன்று மாதம் ஓய்வெடுத்து உதிர்கிறது. அதே மயிர்க்காலிலிருந்து புது முடி கிளம்புகிறது. தினமும் 50 முதல் 100 வரை உதிர்வது சகஜம்.

கடும் ஜுரம், பிரசவம், பெரிய ஆபரேஷன், தாங்க முடியாத மனக்கவலை இவற்றில் ஒன்று வந்தால், வளரும் முடிகளில் பல ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. இரண்டு மூன்று மாதம் கழித்து எல்லாம் சேர்ந்து கொட்டுகின்றன. அதற்குள் ஜுரம் நமக்கு மறந்து போயிருக்கும். நாம் தண்ணீரையும் ஷாம்புவையும் திட்டிக்கொண்டிருப்போம்! டைபாயிடு வந்து பிழைத்தவர்களுக்கும் இப்படி நேர்வதுண்டு. 1961-ல் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் நிபுணர் இதற்கு 'டெலோஜென் எஃப்ளூவியம்' என்று பெயர் வைத்தார். ஆக, இன்று கொட்டுவது என்றோ பட்ட கஷ்டத்தின் பழைய பாக்கி. புது நோய் அல்ல.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபின், ஜுரமே வராத பெண்கள் பலரும் சீப்பைப் பார்த்துக் கலங்கினார்கள். வேலை போய்விடுமோ, ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்குமோ என்ற கவலை ஒன்றா இரண்டா?

சரி, என்ன செய்யலாம்? முடி கொட்டுகிறதே என்று தலைக்குக் குளிக்காமல் இருந்துவிடாதீர்கள். உதிர வேண்டியது எப்படியும் உதிரும். அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் பொடுகும் அரிப்பும்தான் மிச்சம். ஈரத் தலையை வறட்டு வறட்டென்று வாராதீர்கள், இழுத்துப் பின்னாதீர்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதைச் சாப்பிடும் வழக்கத்தை விட்டு, பருப்பு, முட்டை, கீரை, கேழ்வரகு என்று உங்கள் தட்டிலும் போட்டுக்கொள்ளுங்கள். அவரவர் சொல்லும் மாத்திரைகளை வாங்கி விழுங்க வேண்டாம். வைட்டமின் 'ஏ' அளவுக்கு மிஞ்சினால் அதுவே முடியை உதிர்க்கும்!

ஆனால், காசளவு வட்டமாகச் சொட்டை விழுந்தாலும், தலையில் வலியோ சீழோ கண்டாலும், ஆறு மாதத்துக்கு மேல் உதிர்வது நிற்காவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். மாதவிலக்கில் அதிகப் போக்கும் ஓயாத அசதியும் இருந்தால், இரத்தசோகையோ தைராய்டு கோளாறோ இருக்கிறதா என்று பரிசோதனை செய்வது அவசியம்.

என் நாத்தனார் அன்றிரவே நன்றாகத் தூங்கினாள். உதிர்வது மெல்ல மெல்லக் குறைந்தது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தானே வளரும்? பழைய பின்னல் திரும்ப நாளாகும் என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அடுத்த பொங்கலன்று கண்ணாடி முன் நின்று ஒரு புதுக் குறையோடு வந்தாள்:

"மன்னி, நெற்றியோரமெல்லாம் குட்டை குட்டையாக முளைத்து நிற்கிறதே! எவ்வளவு எண்ணெய் தடவினாலும் படியமாட்டேன் என்கிறது!"