பின்பக்கத்துப் பாட்டு

ராக் பாடகர் ரிச்சி வாலென்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த நாணயத்தில்தான் ஆரம்பிப்பார்கள். குட்டி விமானத்தில் மிச்சம் இருந்தது ஓர் இடம். கிட்டார்காரர் டாமி ஆல்சப்போடு காசு சுண்டிப் பார்த்து ஜெயித்தார். 1959 பிப்ரவரி 3, நள்ளிரவு தாண்டிய சற்று நேரத்தில் அயோவா மாநில வயல்வெளியில் விமானம் விழுந்தது. பாடகர்கள் பட்டி ஹாலி, பிக் பாப்பர், விமானி, ரிச்சி என நால்வரும் இறந்தார்கள். ரிச்சிக்கு வயது 17. விதியின் விளையாட்டு என்று உச்சுக் கொட்டிவிட்டுப் போக வசதியான கதை. அந்தக் கதையின் சத்தத்தில் அவருடைய பாட்டு சரியாகக் கேட்காமல் போயிற்று என்பது என் எண்ணம்.

லாஸ் ஏஞ்சலீஸில், பக்கோய்மா பகுதியில் வளர்ந்த மெக்சிக வம்சாவளிப் பையன். முழுப்பெயர் ரிச்சர்ட் வாலென்சுவேலா. இடக்கைப் பழக்கக்காரர், வலக்கைக் கிட்டாரிலேயே வாசிக்கப் பழகிக்கொண்டார். 1958இல் டெல்-ஃபை இசைத்தட்டு நிறுவனத்தின் பாப் கீன் அவரைக் கண்டுபிடித்தார். வானொலிக்காரர்கள் 'மெக்சிகப் பாட்டு' என்று ஒதுக்கிவிடக் கூடாதே என்ற கணக்கில் பெயரின் பின்பாதியை வெட்டினார்.

வேடிக்கை என்னவென்றால், இப்படிப் பெயரைச் சுருக்கிய அதே ஆண்டில் அதே பையன் முழுக்க முழுக்க ஸ்பானிஷில் ஒரு பாட்டைப் பதிவு செய்தான். 'லா பம்பா', மெக்சிகோவின் வெராக்ரூஸ் பகுதி நாட்டுப்பாட்டு. ஹார்ப்பும் ஹரானா என்னும் சிறு கிட்டாரும் சேர்ந்து ஒலிக்கும் கல்யாணவீட்டுச் சமாச்சாரம். ரிச்சிக்கோ ஸ்பானிஷ் சரளமாக வராது. ஹாலிவுட்டின் கோல்டு ஸ்டார் ஸ்டுடியோவில் அதற்கு டிரம்ஸ் வாசித்தவர் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த கறுப்பினக் கலைஞர் ஏர்ல் பாமர். வெராக்ரூஸ் மெட்டுக்கு அவர் கொடுத்த அடியில்தான் பாட்டு ராக் ஆனது. ரிச்சியின் மின்கிட்டார் தொடக்கத்தை ஒருமுறை கேட்டால் போதும், கால் தானாக ஆடும்.

ஆனாலும் அது இசைத்தட்டின் பின்பக்கத்தில்தான் இடம்பிடித்தது. முன்பக்கத்தில், பள்ளித் தோழியை நினைத்து எழுதிய 'டோனா'. அமெரிக்கத் தரவரிசையில் அது 2ஆம் இடம் வரை ஏறியது. கனிவான பாட்டுதான், அந்தக் காலத்தில் அப்படிப் பாடப் பலர் இருந்தார்கள்.

டெல்-ஃபையோடு ஒப்பந்தமானதிலிருந்து விபத்து வரை எட்டு மாதம் சொச்சம்தான். 2001இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது, தாமதமாக. அதற்கு முன்பே 1987இல் லூயிஸ் வால்டெஸ் அவர் வாழ்க்கையைப் படமாக்கியிருந்தார். கண்ணீர் கொஞ்சம் தூக்கல். ஆனால் இசைக்குக் கிழக்கு லாஸ் ஏஞ்சலீஸின் சிக்கானோக்களான, அதாவது மெக்சிக வம்சாவளி அமெரிக்கர்களான, லாஸ் லோபோஸ் குழுவைப் பிடித்தார் பாருங்கள், அது சரியான முடிவு. 'லா பம்பா'வை ரிச்சியின் வழியிலேயே வாசித்துக்கொண்டு போய், கடைசியில் மின்கிட்டாரை ஓரம்வைத்து, வெராக்ரூஸ்காரர்கள் வாசிக்கிற மாதிரியே முடித்தார்கள். அந்த ஸ்பானிஷ் பதிவு அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. 1959இல் ரிச்சியின் பதிவு 22ஆம் இடத்தோடு நின்றுவிட்டிருந்தது.