டூம் விளையாட்டின் மாற்றாக்கங்களும் அவற்றின் குறிப்பேட்டு மரபும்

கணிப்பொறி விளையாட்டு ஒன்றை வாங்கியவர் அதனை ஆடுவதோடு அமையாமல், அதன் உறுப்புகளைத் தம் விருப்பிற்கேற்ப மாற்றிப் புதிய களங்களும் புதிய உருவங்களும் அமைத்துப் பிறர்க்கு வழங்கும் வழக்கம் மேலைநாடுகளில் முப்பது ஆண்டுகட்கு மேலாக நிலவி வருகின்றது. இதனை மாடிங் என்பர். யாம் ஈண்டு மாற்றாக்கம் என வழங்குவோம். பெரும்பாலும் ஊதியம் கருதாது செய்யப்படும் இக்கலைக்குப் பள்ளி இல்லை, ஆசிரியர் இல்லை. ஒருவர் கண்டதை எழுதி வைப்பார். முன்பின் அறியாத மற்றொருவர் அதனைப் படித்து மேற்செல்வார். இவ்வெழுத்து வழக்கு இன்று உரையாடல் வழக்கிற்கு இடம்விட்டு ஒதுங்கி வருகின்றது. 2015-இல் தொடங்கிய டிஸ்கார்டு முதலிய உரையாடல் அறைகளே இப்பொழுது மாற்றாக்கத்தார் கூடும் இடங்களாயின. இதனால் நேரும் இழப்பு யாது, அதனைத் தடுக்கும் வழி யாது என்பதை, இம்மரபில் மூத்ததும் இன்றளவும் உயிரோடிருப்பதுமாகிய டூம் விளையாட்டைக் கொண்டு ஆராய்வாம்.

அமெரிக்க நாட்டு டெக்சாசு மாநிலத்தில் இயங்கிய ஐடி சாப்ட்வேர் நிறுவனம் 1993 டிசம்பர் 10-ஆம் நாள் டூமை வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு அந்நிறுவனம் வெளியிட்ட வுல்பென்ஸ்டைன் விளையாட்டைப் பலர் மாற்றி அமைக்க முயன்றனர். ஆயின் மூலக் கோப்பையே திருத்தி எழுதினாலன்றி அது கைகூடவில்லை. இதனைக் கண்ட நிரலாளர் ஜான் கார்மாக், டூமை ஆக்குங்கால் விளையாட்டை இயக்கும் நிரலை வேறாகவும், களம், உருவம், ஒலி ஆகிய பொருள்களை வேறாகவும் பிரித்து வைத்தார். பொருள்கள் அடங்கிய கோப்பிற்கு வாட் என்பது பெயர். அதிலும் இருவகை உண்டு. நிறுவனம் அளிப்பது மூல வாட். பிறர் ஆக்குவது ஒட்டு வாட். ஒட்டு வாட் தன்கண் உள்ளவற்றை மட்டும் மாற்றி, ஏனையவற்றை மூலத்தினின்று எடுத்துக்கொள்ளும். மூலபாடத்தின் ஓரெழுத்தையும் தொடாது உரை வகுப்பார் செயலோடு இதனை ஒப்பிடலாம். மூலத்தைப் படியெடுத்து வழங்க வேண்டாமையின், தாம் ஆக்கியதை மட்டும் தடையின்றிப் பரப்ப இது வழிவகுத்தது என்பதும் நோக்கத்தக்கது.

விளையாட்டு வெளிவந்தபொழுது களம் அமைக்கும் கருவி எதனையும் நிறுவனம் அளிக்கவில்லை. கோப்பின் உள்ளமைப்பை ஆர்வலர் தாமே ஆய்ந்து கண்டனர். 1994-இல் டியூ என்னும் களம் அமைக்கும் கருவியும், இயக்குநிரலையே தொட்டு மாற்றும் டீஹேக்டு என்னும் கருவியும் தோன்றின. வாட் கோப்பின் ஒவ்வோர் உறுப்பையும் விளக்கும் விவரக்குறிப்பு ஒன்றையும் ஆர்வலர் ஒருவர் எழுதி அவ்வாண்டிலேயே வழங்கினார். அஃது இல்லையேல் பின்வந்த கருவிகள் பல தோன்றியிரா என்று துணிந்து கூறலாம்.

இவ்வறிவு எத்தகையது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். புதியவர் ஒருவர் அழகிய மண்டபம் ஒன்றை அமைக்கிறார். படிக்கட்டுகள் பல, விளக்கொளி இடத்திற்கிடம் வேறுபடுகிறது, சாளரங்களின் வழியே தொலைவிலுள்ள முற்றமும் தெரிகிறது. ஆடுபவர் ஓர் இடத்தில் நின்று திரும்பியவுடன் விளையாட்டு அறவே நின்றுவிடுகிறது. ‘விசிபிளேன் இனி இல்லை’ என்னும் பொருள்பட ஒரு வரி மட்டும் திரையில் எஞ்சுகிறது. இதன் காரணம் களத்தை எத்துணை முறை உற்று நோக்கினும் விளங்காது. ஆடுபவர் கண்ணுக்கு ஒரே நேரத்தில் புலப்படும் தரைகளையும் கூரைகளையும் உயரம், மேற்பரப்பு, ஒளி ஆகியவற்றின் ஒப்புமை பற்றித் தளத்துண்டுகளாகத் தொகுத்தே டூம் வரைகின்றது. 1993-ஆம் ஆண்டின் கணிப்பொறிகளுடைய சிற்றளவான நினைவகம் கருதி, அத்துண்டுகள் 128-க்கு மேற்படலாகாது என வரம்பிட்டிருந்தனர். வரம்பு கடப்பின் ஆட்டம் நின்றுபோகும். இதற்குத் தீர்வு காட்சியைச் சுவர் கொண்டு மறைத்தல், ஒளி வேறுபாடுகளைக் குறைத்தல் முதலியன. பின்னாள் இயக்குநிரல்கள் பல இவ்வரம்பை நீக்கிவிட்டன எனினும், பழைய நிரலிலும் இயங்குமாறு களம் அமைப்போர் இன்றும் உளர். அவர்க்கு இவ்வறிவு இன்றியமையாதது.

இவ்வினாவை உரையாடல் அறையில் கேட்பின் விடை சில நொடிகளில் கிடைக்கும். அஃது அவ்வறையின் சிறப்பே, அதனை மறுத்தற்கில்லை. ஆயின் அவ்விடை மறுநாள் நூறு வரிகளுக்கு அடியில் புதைந்துவிடும். அடுத்த திங்கள் மற்றொருவர் அதே வினாவைக் கேட்பார். அறிந்தவர் பன்முறை விடை கூறிச் சலிப்பர். பின்னர் வாய் திறவார். அவ்வறை பொதுத் தேடுபொறிகளின் பார்வைக்கு எட்டாமையின், உள்ளே வாராதவர்க்கு அவ்விடை இல்லாததேயாகும். அங்கு ஏற்றிய கோப்புகளுக்குரிய முகவரியை வெளியிடங்களில் குறித்து வைத்தால் அது நெடுநாள் பயன்படாதவாறு காலவரையறை செய்யப்படும் என 2023-இல் டிஸ்கார்டு அறிவித்தது. 2022-இல் தலைப்பு வாரியாக உரையாடும் பகுதியை அந்நிறுவனம் அமைத்தது உண்மையே. ஆயினும் அதுவும் அறைக்குள் இருக்கும் பரணேயன்றி ஊர்ப் பொதுநூலகம் ஆகாது.

எழுதியன யாவும் நின்றன என்றும் கருதற்க. 1990-களில் மாற்றாக்கத்தார் பலர் ஜியோசிட்டீஸ் என்னும் இலவச இடத்தில் தம் பக்கங்களை வைத்திருந்தனர். 2009 அக்டோபரில் அதன் அமெரிக்கப் பிரிவு மூடப்பட்டது. படங்களைக் காத்துவந்த போட்டோபக்கெட் 2017-இல் தன் விதியை மாற்றியது; அதனால் பல விளக்கக் கட்டுரைகள் படமிழந்தன. எழுத்து மன்றங்களின் குறையும் சிறிதன்று. புதியவர் வினவின் ‘முன்னரே விடை உளது, தேடிப்பார்’ எனக் கடிந்து விடுத்த இடங்கள் பல. அங்ஙனம் விரட்டப்பட்டவர் கனிவாக விடை கூறும் அறையை நாடியது இயல்பே. ஒரு தனிமனிதர் தம் கைப்பொருளால் நடத்திய மன்றம், அவர் சலித்த நாளில் மறைவதும் உண்டு.

டூம் மரபு மட்டும் ஏன் அழியவில்லை? விடை அதன் குறிப்பேட்டில் உள்ளது. ஐடிகேம்சு எனப் பெயரிய கோப்புக் களஞ்சியத்தில் ஒருவர் தம் ஆக்கத்தைச் சேர்க்க விரும்பின், வாட் கோப்போடு எழுத்துக் குறிப்பு ஒன்றையும் சேர்த்தல் வேண்டும். ஆக்கத்தின் பெயர், ஆக்கியோன் பெயர், எத்தனாவது களம், எக்கருவி கொண்டு செய்தது, எத்துணைக் காலம் ஆயிற்று, எவர்க்கு நன்றி என்பன அதில் இடம்பெறும். நம் நூல்களின் பாயிரமும் ஆக்கியோன் பெயர், வழி, நூற்பெயர் முதலியவற்றை உரைப்பதன்றோ! இரண்டு வரிகள் குறிப்பாக மதிக்கத்தக்கன. ஒன்று, ‘அறிந்த பிழைகள்’ என்பது. ஆக்கியோன் தன் குறையைத் தானே எழுதிவைக்க ஓர் இடம் ஒதுக்கிய வேறு கலைத்துறையை யாம் கண்டிலேம். மற்றொன்று, இவ்வாக்கத்தைப் பிறர் மேலும் மாற்றலாமா, ஆகாதா என்னும் இசைவு வரி. ஆக்கியோன் இத்துறையை விட்டு அகன்று ஆண்டுகள் பல ஆயினும் அவ்வரி அவர்க்காக நின்று பேசுகின்றது. இக்களஞ்சியம் தன் இருப்பிடத்தை ஒருமுறைக்கு மேல் மாற்றியதுண்டு. பல நாடுகளில் அதன் படிகள் இருந்தமையின் பொருள் கெடவில்லை.

நிறுவனமும் துணை செய்தது. 1997 டிசம்பர் 23-இல் டூமின் மூலநிரல் வெளியிடப்பட்டது. 1999-இல் யாவரும் திருத்தி வழங்கத்தக்க கட்டற்ற உரிமத்தின்கீழ் வந்தது. 1998-இல் ஆர்வலர் குழு ஒன்று பூம் என்னும் இயக்குநிரலை ஆக்கியபொழுது, அதன் புதிய உறுப்புகளை விளக்கும் ஆவணத்தையும் உடன் அளித்தது. அதனாலன்றோ பிற்கால நிரல்கள் அவற்றை ஏற்றுக்கொண்டன. 2021-இல் வந்த எம்பிஎப்21 என்னும் வரையறையும் எழுத்தாவணமாகவே வெளிவந்தது. 2005-இல் தொடங்கிய டூம் கலைக்களஞ்சியத்தின் ஆசிரியர்கள், தங்களுக்கு இடமளித்த நிறுவனத்தின் போக்கு ஒவ்வாமையால் 2011-இல் வேறிடம் பெயர்ந்தனர். உரிமம் கட்டற்றதாக இருந்தமையின் கட்டுரைகளையும் உடன் எடுத்துச் செல்ல முடிந்தது.

ஆகலின் மங்கிய மன்றத்தை மீட்க விழைவோர் உரையாடல் அறையோடு போரிடுதல் வீண். அறையை முற்றமாகவும் ஏட்டை உள்வீடாகவும் கொள்க. முதற்கண் வேண்டுவது தொகுப்பாளர் ஒருவர். அறையில் மீண்டும் மீண்டும் எழும் வினாக்களைக் குறித்து, வாரம் ஒன்றிரண்டையேனும் நிலையான பக்கத்தில் எழுதுபவர். இவ்வேலைக்குப் புகழ் இல்லை. ஆதலின் அவர் பெயரைப் பக்கத்தின்மேல் பொறித்தல் தகும். இரண்டாவது, கூடிச் செய்யும் பணி. குறித்த நாளுக்குள் ஆளுக்கொரு களம் அமைத்து ஒரு தொகுதியாக வெளியிடும் வழக்கம் டூம் மரபில் ஊன்றியது. தொகுதி வெளியிட வேண்டின் குறிப்பேடு எழுதியே தீரவேண்டும். ஆதலின் எழுத்து தானே பெருகும். ஆண்டின் சிறந்த ஆக்கங்களைப் பாராட்டும் கேகோவார்டு என்னும் பரிசுக் கட்டுரைகள் 2004 முதல் வெளிவருகின்றன. பரிசு பணமன்று, ஒருவர் ஆழ்ந்து ஆடிப்பார்த்து எழுதும் சில பத்திகளே. அதனைப் பெறவே பலர் ஆண்டு முழுதும் உழைக்கின்றனர்.

அறையில் ஒருவர் கூறியதை ஏட்டில் ஏற்றுங்கால் அவர் இசைவு பெறுதல் முறை. விரைவில் சொல்லியதைப் பலர் காண நிறுத்துதல் சிலர்க்கு உவப்பாகாது. அன்னோர் மறுப்பின் பெயரின்றிக் கருத்தை மட்டும் தொகுப்பாளர் தம் சொல்லால் எழுதலாம். உரையும் படமும் கோப்பும் ஓரிடத்தே வைத்து, குறைந்தது இரண்டு வேறு இடங்களில் படி எடுத்தல் வேண்டும். இசைவு வரியை ஒவ்வொரு பக்கத்தின் இறுதியிலும் தொடக்கத்திலேயே எழுதிவிடுதல் நன்று. பின்னர்த் தேடின் எழுதியவர் கிடைப்பதரிது.