நேராக ஓட ஒரு தூக்குக்குண்டு

அதிராம்பட்டினம் பக்கத்து வயலில், சேற்றில் அழுந்திய டிராக்டர் முன்னேற முயலும்போது அதன் முன்சக்கரங்கள் மேலெழுவதைப் பார்த்திருப்பீர்கள். முன்பக்கப் பளு பின்சக்கரங்களுக்கு மாறுவதே காரணம்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளத்தில் முன்பு மோட்டார் பந்தயங்கள் நடந்தன. பந்தயங்களில் ஒருவகை 'டிராக்' பந்தயம். நின்ற நிலையிலிருந்து பாய்ந்து, 402 மீட்டர் நேர்ப்பாதையை விரைந்து கடக்க வேண்டும். பாயும் நொடியில் பளு பின்னுக்கு மாறுகிறது. முன்சக்கரங்கள் தரையை விட்டெழுந்தால் ஸ்டியரிங்கால் பயனில்லை. அப்போது பின் அச்சு கோணலாக இருந்தால்? கார் பக்கச்சுவரை நோக்கிப் பாயும். ஓட்டுநரின் உயிருக்கே ஆபத்து.

ஆகவே அச்சைப் பொருத்துவோர் காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஓட்டுநரின் எடையையும் ஏற்றுவர். சட்டத்தின் இருபுறமும் ஒத்த இரு புள்ளிகளிலிருந்தும், அச்சின் இரு முனைகளிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் நான்கு குறிகள் இடுவர். பக்க அளவுகள் இரண்டும் சமமாகவும், குறுக்களவுகள் இரண்டும் சமமாகவும் இருந்தால் அச்சு செங்கோணத்தில் உள்ளது. இல்லையேல், அச்சைச் சட்டத்துடன் இணைக்கும் கீழ்த்தண்டுகளின் நீளத்தைத் திருகித் திருத்துவர். மேல்தண்டுகள் அச்சின் சாய்வை நிர்ணயிக்கின்றன. கடைசித் தண்டின் போல்ட் கையாலேயே எளிதில் நுழைய வேண்டும். தட்டி நுழைத்தால் ஒரு சக்கரத்தில் மட்டும் பளு கூடியிருக்கிறது என்று பொருள்.

வீட்டுக்குக் கடைக்கால் எடுக்கும் கொத்தனாரும் குறுக்களவு பார்த்தே மூலையைச் சரிசெய்கிறார். கணக்கு ஒன்றுதான்.