தந்திக் கம்பத்துக் கண்ணாடிக் கிண்ணங்கள்

தபால்தலை சேர்ப்போரையும் நாணயம் சேர்ப்போரையும் நீங்கள் அறிவீர்கள். தந்திக் கம்பத்தில் இருந்த கண்ணாடிக் கிண்ணங்களைச் சேர்ப்போரும் உண்டு என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அமெரிக்காவில் இப்பொழுதுபோக்கு 1960களில் பரவியது. 1973இல் தேசிய இன்சுலேட்டர் சங்கம் தோன்றியது. நம் நாட்டுத் தந்திக் கம்பங்களில் வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் மிகுதியாக இருந்தன. அங்கோ கண்ணாடியே பெருவழக்காக இருந்தது.

கிண்ணம் எதற்கு?

நனைந்த மரம் மின்சாரத்தைச் சிறிதளவு கடத்தும். கம்பியை நேராகக் கம்பத்தில் கட்டினால், மழைக்காலத்தில் ஒவ்வொரு கம்பத்திலும் சிறிது மின்னோட்டம் தரையில் இறங்கிவிடும். நூற்றுக்கணக்கான கம்பங்களைக் கடந்து செய்தி போய்ச் சேருவது எப்படி? எனவே கம்பிக்கும் மரத்துக்கும் இடையே மின்கடத்தாப் பொருள் ஒன்று வேண்டும். அதுவே இன்சுலேட்டர், அதாவது மின்காப்பான். கவிழ்த்த கிண்ணம் போன்ற அதன் வடிவத்துக்கும் காரணம் உண்டு. வெளிப்புறம் நனைந்தாலும் உட்புறம் உலர்ந்தே இருக்கும். மின்சாரம் கசியும் வழி அங்கே தடைபடும்.

மரை சொல்லும் வயது

வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மோர்ஸின் தந்தி 1844இல் இயங்கியது. அதன்பின் வந்த தொடக்ககாலக் கண்ணாடிக் கிண்ணங்களின் உட்புறம் வழவழப்பாக இருந்தது. மர முளையின்மேல் அவற்றைச் செருகி வைத்தனர். அவை எளிதில் கழன்றன. லூயி கோவெ என்பவர் 1865இல் கிண்ணத்தின் உள்ளே திருகு மரை அமைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அச்சிலிட்ட சூடான கண்ணாடியை மரையுள்ள தண்டால் அழுத்தி, பின் தண்டைத் திருகி எடுத்தனர். கிண்ணம் முளையில் இறுகப் பொருந்தியது. மரையில்லாத கிண்ணங்கள் இன்று அரியவை. சேகரிப்போர் முதலில் உள்ளே பார்ப்பதும் இதனால்தான்.

சில கிண்ணங்களில் 'மே 2, 1893' என்று பொறித்திருக்கும். விளிம்பில் சிறு மணிகள் போன்ற முனைகள் வரிசையாக இருக்கும். மழைநீர் இம்முனைகளில் திரண்டு சொட்டிவிடும் என்பது ஹெமிங்ரே கண்ணாடி நிறுவனத்தின் எண்ணம். அத்தேதி காப்புரிமை பெற்ற நாளே. கிண்ணம் வார்த்த நாளன்று. பிற்காலத்தில் செய்தவற்றிலும் அதே தேதி தொடர்ந்தது. வடிவங்களை வகைப்படுத்த உட்வர்ட் என்பவர் எண்முறை ஒன்றை வகுத்தார். அதில் 154ஆம் எண் பெற்ற 'ஹெமிங்ரே 42' எங்கும் கிடைப்பது. பழமையானது எல்லாம் அரியதாகிவிடாது என்பதற்கு இதுவே சான்று.

நிறம் வந்த வழி

ஜன்னல் கண்ணாடியின் விளிம்பை உற்றுப் பாருங்கள். பச்சைச் சாயல் தெரியும். மணலில் கலந்துள்ள இரும்பே காரணம். கிண்ணங்கள் பலவற்றின் நீலப்பச்சையும் இவ்வாறு வந்ததே. கோபால்ட் சேர்த்தால் ஆழ்ந்த நீலம் கிடைக்கும். இரும்பின் சாயலைப் போக்க மாங்கனீசு சேர்ப்பதும் உண்டு. அத்தகைய நிறமற்ற கண்ணாடி பல்லாண்டுகள் வெயில் பட்டால் ஊதாவாக மாறும். சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்களால் மாங்கனீசு அயனி ஓர் எலக்ட்ரானை இழப்பதே இம்மாற்றம்.

போலி நிறம்

அரிய நிறத்துக்கு விலை அதிகம். ஆகவே சிலர் சாதாரணக் கிண்ணத்தைக் காமாக் கதிர்களுக்கு உட்படுத்தி அடர்ந்த ஊதாவாக்கி விற்கின்றனர். வெயில் பல்லாண்டுகளில் செய்வதை இக்கதிர்கள் குறுகிய காலத்தில் செய்துவிடுகின்றன. அதனால் கண்ணாடி கதிரியக்கம் பெறுவதில்லை; தொட அஞ்ச வேண்டாம். கேடு வேறு இடத்தில் இருக்கிறது. கிண்ணத்தின் நிறம் ஆலையின் கலவையையும் வெயிலில் நின்ற காலத்தையும் காட்டும் சாட்சி. அதை மாற்றியபின் அச்சாட்சியை நம்ப முடியாது. அதே வகைக் கிண்ணங்கள் எந்தெந்த நிறங்களில் கிடைத்துள்ளன என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே தேர்ந்தவர்களின் வழி.

கம்பத்தில் ஏறிக் கிண்ணத்தைக் கழற்றுவது உயிருக்கு ஆபத்து, களவும் ஆகும். கைவிட்ட பாதைகளிலும் உரியவரின் அனுமதி வேண்டும். கிடைத்த இடம், பொறித்துள்ள எழுத்து, மரை, நிறம் ஆகிய நான்கையும் குறித்து வையுங்கள். குறிப்பில்லாத கிண்ணம் அலமாரிக்கு அழகு. குறிப்புள்ள கிண்ணமோ வரலாற்றுக்குச் சான்று.